வெள்ளவத்தையில் டயர் எண்ணெய் குடித்த எஞ்சின்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி முதலில் புடவையை எடுத்தார். பிறகு புடவைக்குள் இருந்த துவாலையை. பிறகு துவாலைக்குள் சுற்றியிருந்த நான்கு இரும்புத் துண்டுகளை. ஒவ்வொன்றும் விரல் நீளம். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"என்ன இவை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாசில். டீசல் எஞ்சினுக்குள்ளே எண்ணெயைப் பனி மாதிரி தூவுகிற சாமான்."

"படிவத்தில் எழுத்தாளர் என்று போட்டிருக்கிறீர்கள். எழுத்தாளருக்கு எதற்கு நாசில்?"

"கொழும்பில் ஒரு சிநேகிதிக்கு."

"எங்கள் பெண்கள் இந்தியாவிலிருந்து புடவைதானே கொண்டுவரச் சொல்வார்கள்?"

"இவள் கேட்டது நாசில். புடவை, அதைச் சுற்ற நானாகக் கொண்டுவந்தது."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நான்கையும், நான் சுற்றியதைவிட நேர்த்தியாகச் சுற்றிக் கொடுத்தார்.

சிநேகிதியின் பெயர் மலர்விழி. முப்பது வருடத்துக்கு முன் திருச்சியில் ஒரே விடுதி அறையில் இருந்து வேதியியல் படித்தோம். நான் பாதியில் குடுவையை வைத்துவிட்டு எழுத ஓடிவிட்டேன். ஓடுவது எனக்குக் கைவந்தது. அவள் முடித்து, கொழும்புக்குத் திரும்பி, ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருடம் கற்பித்தாள். இப்போது கொட்டாஞ்சேனையில், மதில் சூழ்ந்த ஒரு வளவில் பழைய டயர்களைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறாள். அதை டீசலோடு நாலில் ஒரு பங்காகக் கலந்து, வெள்ளவத்தையில் தான் குடியிருக்கும் தொடர்மாடியின் ஜெனரேட்டரை ஓட்டினாள். ஒரு மாதத்துக்கு முன் அது படுத்துவிட்டது. நாசில் நான்கும் அடைத்துக்கொண்டன. எஞ்சினுக்கு ஏறக்குறைய என் வயது. கொழும்பில் அதற்கு உறுப்பு கிடைக்கவில்லை.

"பஞ்சிகாவத்தை முழுக்க அலைஞ்சிட்டன். ஒவ்வொரு கடையிலும் எஞ்சினையே மாத்தச் சொல்லுறாங்கள். உங்கட கோவை உக்கடத்தில பழைய இரும்புக் கடையள் இருக்கெல்லே? போய்ப் பாரடி" என்றாள் தொலைபேசியில். போய்ப் பார்த்தேன். ஏழாவது கடையில், பிரிக்காத அட்டைப் பெட்டியில், தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசினான ஒரு தாளுக்குள் நான்கும் இருந்தன.

தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் வரும் திங்கட்கிழமை ஒரு கெடு இருந்தது. எங்கள் ஊரில் கொசு என்கிற டெங்கு நுளம்பைப் பார்க்க வரும் சுகாதாரப் பரிசோதகர் மலரின் வளவுக்கு வைத்த கெடு. அங்கே காய்ச்சும் எண்ணெயை உண்மையிலேயே யாரோ எஞ்சினில் ஓட்டுகிறார்கள் என்று கையெழுத்திட்ட கடிதம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டயர்க் குவியலை அள்ளிக்கொண்டுபோய் வளவைப் பூட்டிவிடுவார்கள். அந்த எண்ணெயைக் குடிக்க ஊரில் இருந்தது ஒரே ஒரு எஞ்சின். அது நாசில் இல்லாமல் வாய் பிளந்து கிடந்தது.

புதன் மாலை வெள்ளவத்தை. காலி வீதியில் புடவைக் கடை, நகைக் கடை, சாப்பாட்டுக் கடை, மறுபடி புடவைக் கடை. கடல் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் தண்ணீரில் போய் முடிகின்றன. கோவையில் எங்கள் சந்துகள் இன்னொரு சந்தில்தான் போய் முடியும். இங்கே கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் நின்றாக வேண்டும், முன்னால் கடல். எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டு போனவன் ஈரோடுவரை போய்விடுவான்.

தொடர்மாடியின் லிஃப்ட்டில் என்னோடு ஏறியவர் வெள்ளைச் சட்டை, கையில் கறிவேப்பிலைக் கட்டு.

"இந்தியாவில இருந்து சாமான் கொண்டந்தது நீங்களோ?"

"ஆமாங்க."

"நான் சிவஞானம். இந்த பில்டிங் கொமிற்றியின்ர தலைவர். எஞ்சினியராய் இருந்து ரிட்டயர் ஆனனான்." கறிவேப்பிலையை மறு கைக்கு மாற்றினார். "அம்மா, ரயர் ரோட்டில ஓட வேணும். எஞ்சினுக்குள்ள ஓடக் கூடாது. அதுதான் என்ர கட்சி."

"ஓட்டிப் பார்த்தால் தெரியுமுங்க."

"சனிக்கிழமை தெரியும். நாலு மணித்தியாலம், முழு லோட். ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் கையெழுத்து வைக்க மாட்டன்."

ஐந்தாம் மாடியில் இறங்கினார். கதவு மூடும் முன் திரும்பி, "சாப்பிட்டாச்சோ?" என்றார்.

எதிரியும் அக்கறையாகச் சாப்பாட்டை விசாரிக்கும் இடத்தில் சண்டை போடுவது கடினம் என்று அப்போதே பட்டது.

மலர் இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தாள். எங்கள் கொங்குச் சந்தகையின் தங்கைதான், ஆனால் இது நூலாகத் தட்டில் படுத்திருந்தது. ஊறட்டும் என்று சொதியை ஊற்றிவிட்டு, எஞ்சின் எப்படிப் படுத்தது என்று சொன்னாள்.

"எண்ணெயில பிழை இல்லையடி. எஞ்சினுக்கு ரெண்டு தாங்கி வைச்சிருக்கிறன். ஒண்டில தனி டீசல், மற்றதில கலவை. டீசலில ஸ்டார்ட் பண்ணி, சூடானாப் பிறகு கலவைக்கு மாத்த வேணும். நிப்பாட்ட முந்தித் திரும்ப டீசலுக்கு மாத்தி அஞ்சு நிமிஷம் ஓட விட வேணும். சாப்பிட்டாப் பிறகு வாய் கொப்பளிக்கிறமெல்லே, அது மாதிரி."

"கொப்பளிக்கவில்லையா?"

"கொப்பளிக்க விடேல்லை. எதிர்வீட்டில சாவு."

ஒரு பிற்பகல், கரண்ட் இல்லை, எஞ்சின் கலவையில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெரியவரின் பிரேதத்தை, சடலம் பதப்படுத்தும் பொரளை மலர்ச்சாலையிலிருந்து கொண்டுவந்தார்கள். பிரேத வண்டி ஒழுங்கைக்குள் திரும்புவதைக் கண்ட காவலாளி சுனில் ஓடிப்போய் எஞ்சினைச் சட்டென்று அணைத்துவிட்டான். பிரேதம் வாசலுக்கு வரும்போது இப்படிக் கத்தலாமா மிஸ், என்பது அவன் கேள்வி.  பிரேதம் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் எஞ்சினைத் தொட ஒருவரும் சம்மதிக்கவில்லை. கரண்ட் போன நேரமெல்லாம் சிவஞானம் உட்பட எல்லோரும் படியேறினார்கள். உள்ளே நாசில்களில் நின்ற டயர் எண்ணெய் பாகாக இறுகியது. மூன்றாம் நாள், ஊர்வலம் போன பிறகு ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் கறுப்பாகக் கக்கியது. ஒழுங்கை நெடுக துக்கத்துக்காகக் கட்டியிருந்த வெள்ளைக் கொடிகளில் கரி படிந்தது.

"வெள்ளைக்கொடி எல்லாம் கறுப்புக்கொடி ஆச்சு. ஏதோ ஆர்ப்பாட்டம் நடக்கிற மாதிரி" என்றாள். சிரித்துவிட்டு உடனே நிறுத்தினாள். "பிழை என்ரதான். வெப்பம், அழுத்தம், கந்தகம் எல்லாம் பாத்தன். மரியாதையை நான் பாக்கேல்லை."

வியாழன் காலை ரயிலில் கோட்டை வரை போனேன். ஜன்னலுக்குக் கீழேயே கடல். ஒரு அலை பாறையில் அடித்து உள்ளே தூவியது. எதிரே இருந்த அலுவலகப் பெண் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். கடலைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் ரயிலில் ஜன்னல் வழியே வருவது நூற்பாலைப் பஞ்சு.

கோட்டையிலிருந்து த்ரீவீல். "கொட்டாஞ்சேனையில எங்க?" என்றார் ஓட்டுநர்.

"டயர் காய்ச்சுகிற இடம்."

"ஆ, டயர் மிஸ்! என் வீட்டுப் பின்னால நாலு பழைய டயர் கிடக்குது. கொண்டாந்து போட்டா சல்லி தருவாங்களா?"

"தெரியாதுங்க. நான் அங்கே வேலை செய்யவில்லை."

"அப்ப நீங்க எதுக்குப் போறீங்க?"

இதையே சுங்கத்திலும் கேட்டார்கள். 

கொட்டாஞ்சேனையில் கோவில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. ஹார்ட்வேர் கடைகளைத் தாண்டி, மிளகாய் அரைக்கும் நெடி தாண்டி, ஒரு தகரக் கதவு. உள்ளே டயர்கள். பஸ் டயர், லொறி டயர், த்ரீவீலின் சின்ன டயர். ஓடி ஓடித் தேய்ந்து, எந்த ஊருக்கும் இனிப் போகமுடியாதவை. எனக்கு அவற்றின்மேல் ஒரு சாதிப் பாசம் வந்தது.

அந்தோனி என்கிற ஐம்பது வயதுக்காரர் சோப்புத் தண்ணீரில் நனைத்த கத்தியால் டயரின் பக்கவாட்டை வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் பெரிய இரும்பு உருளை, அடியில் தீ. உருளைக்குள் காற்று புகாது. அதனால் உள்ளே டயர் எரிவதில்லை, உருகி ஆவியாகிறது. ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து, குளிர்ந்து, எண்ணெயாகச் சொட்டுகிறது. குளிராத வாயு திரும்ப வந்து அதே அடுப்பை எரிக்கிறது. மிச்சம் கரித்தூளும் கம்பியும். சொட்டும் எண்ணெயை மலர் மறுபடி காய்ச்சி, களிமண் வழியே வடிக்கிறாள். கறுப்பாக வந்தது தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறுகிறது.

மணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அவிந்த முட்டை, தீய்ந்த வெங்காயம், மழையில் நனைந்த பழைய பஸ்ஸின் உள்பக்கம் மூன்றும் ஒரே மூச்சில். மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

"முதல் நாள் எல்லாரும் சத்தி எடுப்பாங்க மேடம்" என்றார் அந்தோனி, கத்தியை நிறுத்தாமல். "ரெண்டாம் நாள் பசிக்கும்."

மலர் ஒரு டயரைக் காலால் சரித்துக் காட்டினாள். விளிம்புக்குள் முந்தின நாள் மழை. "இதை எப்பிடி வைச்சாலும் உள்ளுக்குத் தண்ணி நிக்கும். நிக்க வைச்சாலும் நிக்கும், படுக்க வைச்சாலும் நிக்கும். நுளம்புக்கு இதைவிட நல்ல வீடு இல்லை."

பிறகு குரல் மாறாமல் சொன்னாள்: "என்ர வகுப்பில ஒரு பிள்ளை. மூண்டாவது வரிசை, ஜன்னல் கரை. திங்கள் காய்ச்சல் எண்டு வீட்ட போனவள். வெள்ளிக்கிழமை இல்லை. டெங்கு. நான் கரும்பலகையில சமன்பாடு எழுதிப்போட்டுத் திரும்பிப் பாத்தன். அவளின்ர இடம் வெறுமை. அவளின்ர ஜன்னலால மதிலுக்கு அங்கால ரயர்க் கும்பி தெரிஞ்சது. அதுவரைக்கும் அது எனக்குத் தெரியேல்லை. அவள் மறைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள்."

அந்த வருட முடிவில் வேலையை விட்டிருக்கிறாள்.

நான் ஒன்றைக் கேட்கலாமா என்று யோசித்தேன். இந்த நகரத்தில் டயருக்கும் நெருப்புக்கும் இன்னொரு உறவு உண்டு. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் பார்த்தவர்கள் அதை மறந்ததில்லை. நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்.

"நீ என்ன நினைக்கிறாய் எண்டு தெரியும். எனக்கும் அந்த நெருப்பு ஞாபகம் வரும். அதுக்காக ரயரை அவங்களுக்கே விட்டுக்குடுக்க ஏலுமோ?"

மத்தியானம் மூவரும் சோற்றுப் பார்சல் பிரித்துச் சாப்பிட்டோம். மீன் குழம்பு, பருப்பு, அப்பளம். எலுமிச்சை போட்டுக் கை கழுவியும் மணம் போகவில்லை. ஆனால் அந்தோனி சொன்னது தவறு. எனக்கு முதல் நாளே பசித்தது.

வெள்ளிக்கிழமை நாசில் பூட்டும் நாள். தொடர்மாடியின் அடித்தளத்தில் எஞ்சின் அறை. சுனில் வாசலில் நின்று டார்ச் பிடித்தான். ஒரு மாதமாகக் குற்றவாளி போல நடமாடுகிற ஆள். சிங்களத்தில் ஏதோ சொன்னான். மலர் திருப்பிச் சொன்னாள்: "இந்த முறை ஒழுங்கையில மந்திரியின்ர பிரேதம் வந்தாலும் அஞ்சு நிமிஷம் நிண்டு வரச் சொல்லுவானாம்."

முதல் நாசிலை இறக்கும்போது மலர் கையை நீட்டினாள். "வாஷர்?"

"என்ன வாஷர்?"

"செப்பு வாஷர். நாசிலுக்கு அடியில வைக்கிறது. பழையது நசிஞ்சுபோச்சு."

உக்கடத்துப் பெட்டியில் ஒரு சிறு காகிதப் பொட்டலம் இருந்தது ஞாபகம் வந்தது. குப்பை என்று நினைத்து என் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். திருச்சியில் நான் அமிலக் குடுவையைத் தட்டிவிட்ட அன்று பார்த்த அதே பார்வை.

"நானே வாங்கிவருகிறேன்" என்று நசுங்கிய ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். மணி நான்கு. பஸ்ஸில் ஏறி "பஞ்சிகாவத்தை?" என்றேன். நடத்துநர் தலையை ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் காலி வீதியைவிட்டு வலப்பக்கம் திரும்பியபோது தெரிந்தது. இறக்கிவிட்டது பொரளையில். ஒரு பக்கம் ஆஸ்பத்திரிகள், சற்றுத் தள்ளி மயானம், நடுவில் பஸ்களுக்குக் கைகாட்டும் ஜனம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு எழுத்தாளர் நசுங்கிய வாஷரோடு நிற்கிறார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. த்ரீவீல் பிடித்துப் பஞ்சிகாவத்தை போய்ச் சேர்ந்தபோது கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. பாதி இறங்கிய ஒரு ஷட்டருக்குக் கீழே குனிந்து கையை நீட்டினேன்.

"இந்த அளவு. நாலு."

உள்ளே இருந்த முதலாளி வாஷரைப் பெருவிரலால் வருடினார். "டயர் மிஸ்ஸா அனுப்பினாங்க?"

"எப்படித் தெரியும்?"

"வாஷர் மணக்குதே. அவங்ககிட்ட சொல்லுங்க, எஞ்சினை மாத்தச் சொன்னேன்னு." சொல்லிக்கொண்டே ஆறு வாஷரை எடுத்து வைத்தார். "ரெண்டு கூடுதலா இருக்கட்டும். நாளைக்கு நான் கடை திறக்க மாட்டேன்."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, அறிவித்தபடியே கரண்ட் போனது. பராமரிப்பு வேலைக்காக ஒரு மணிவரை வெட்டு. அதை நம்பித்தான் சிவஞானம் நாலு மணித்தியாலம் என்று பேசியிருந்தார். அடித்தளத்தில் கதிரைகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்தார்கள். யாரோ பிளாஸ்கில் தேத்தண்ணீர், யாரோ மீன் ரோல்ஸ். ஒரு காதுகுத்துக் கல்யாணம் போல இருந்தது, காது மட்டும் எஞ்சினுடையது. சிவஞானம் புகைபோக்கி முனையில் ஒரு வெள்ளைத் துணியைக் கம்பியால் கட்டினார்.

டீசலில் ஸ்டார்ட். பத்து நிமிடம். மலர் குழாய்த் திருகைக் கலவைப் பக்கம் திருப்பினாள். எஞ்சினின் குரல் மாறியது. ஒரு சின்னத் தட்டல், தொண்டையைச் செருமுவதுபோல. புகைபோக்கியில் ஒரு சாம்பல் சுருள். மலரின் கை திருகிலேயே இருந்தது. சுருள் கரைந்தது. அதன் பிறகு துணிக்கு முன்னால் வெயிலில் நடுங்கும் காற்று மட்டும்.

"லோட்!" என்றார் சிவஞானம், தொலைபேசியில் மாடி மாடியாகக் கூப்பிட்டு. "எல்லாரும் கேத்திலைப் போடுங்கோ. அயன் போடுங்கோ. ஏசி போடுங்கோ. ஓம், எல்லாம் ஒரேயடியாய்!"

எஞ்சின் ஒரு கணம் முழங்கால் மடிந்தது. பிறகு மூச்சை இழுத்து நிமிர்ந்தது. மேலே ஆறு மாடியிலும் தண்ணீர் கொதித்தது, சட்டைகள் சூடாயின, யாரும் இல்லாத அறைகள் குளிர்ந்தன.

நான்காம் மாடியிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். எல்லோருக்கும் அவர் அன்ரி. "மணக்குது மலர். என்ர சேலை பல்கனியில காயுது."

"காலி வீதி பஸ் மணக்கிறேல்லையோ அன்ரி?"

"அது பழகின மணம்."

"இதுவும் பழகும். ரோல்ஸ் எடுங்கோ."

பத்தே முக்காலுக்கு, சுவரில் இருந்த பலகையில் சிவப்பு பல்ப் எரிந்தது. நகரத்தின் கரண்ட் திரும்பிவிட்டது, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணிக்கு மேல் முன்னதாக. சுனிலின் கை பழக்கத்தில் நகரக் கரண்டுக்கு மாற்றும் கைப்பிடிக்குப் போனது. மலர் ஓடி முன்னால் நின்றாள்.

"கரண்ட் வந்திட்டுது பிள்ளை" என்றார் சிவஞானம். "இனி என்னத்துக்கு? முடிப்பம். இவ்வளவு நேரம் ஓடினது எண்டு எழுதித் தாறன்."

"நாலு எண்டது நீங்கள்."

"அது கரண்ட் இல்லாட்டி."

"அப்பிடி எங்க சொன்னனீங்கள்? ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் கையெழுத்து இல்லை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"விசர்க்கதை கதையாதை. எண்ணெய் வீணாப் போகுது."

"தட்டுப்பாட்டு நேரம் எண்ணெய் வரிசையில ரெண்டு நாள் நிண்டு, காருக்குள்ள படுத்தெழும்பின சனம் நாங்கள். வீண் எது எண்டு எனக்குத் தெரியும். பாதியில நிப்பாட்டினா இதுவரைக்கும் ஓடினதுதான் வீண்."

அவள் பலகைக்கு அடியில், தரையில் உட்கார்ந்தாள். கைப்பிடி அவள் தலைக்கு நேர் மேலே. "நிப்பாட்ட வேணுமெண்டா என்ர தலைக்கு மேலால கையைப் போடுங்கோ."

சுனில் கையைக் கீழே போட்டான்.  அன்ரிதான் வாயைத் திறந்தார்.

"விடுங்கோவன் சிவஞானம். நான் மேல உழுந்து அரைக்கப் போட்டிட்டன். இதில ஓடுறதே ஓடட்டும்."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கட்டடம், கரண்ட் வாசலில் வந்து காத்திருக்க, குப்பையில் ஓடியது. எரிந்து போகவோ, ஆற்றில் மிதக்கவோ, நுளம்பு வளர்க்கவோ விதிக்கப்பட்டது லிஃப்ட்டைத் தூக்கியது, உளுந்தை அரைத்தது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். தரை அதிர்ந்தது. எலும்புவரை அதிர்ந்தது. என் ஐம்பது வருட ஓட்டத்தில் ஓரிடத்தில் இவ்வளவு பிடிவாதமாக நான் உட்கார்ந்ததே இல்லை.

மணி ஒன்றே கால். திருகு டீசல் பக்கம். ஐந்து நிமிடம் கொப்பளிக்க விட்டாள் மலர். பிறகு அணைத்தாள். சுனில் வெளியே போய் வெள்ளைத் துணியை அவிழ்த்து வந்தான். நடுவில் ஒரு ரூபாய்க்காசு அகலத்துக்குச் சாம்பல் நிறம். மலர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, சூடு ஆறாமலே ஒரு நாசிலைக் கழற்றிச் சிவஞானத்திடம் நீட்டினாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கரி இருக்கு."

"உங்கட வீட்டுத் தோசைக்கல்லில இல்லையோ?"

"துளை நாலும் திறந்துதான் கிடக்கு" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

ஞாயிறு காலை கடிதத்தோடு வந்தார். ஆங்கிலத்தில், நேர்த்தியாகத் தட்டச்சு செய்திருந்தது. மலர் நின்றபடியே வாசித்தாள்.

"'தற்போதைய நிலைமைகளின் கீழ் எஞ்சின் ஓடியதாகத் தோன்றுகிறது.' ஐயா, ஓடினதோ, தோன்றினதோ?"

"அது கடிதம் எழுதுற முறை பிள்ளை."

"நாலு மணித்தியாலம் பக்கத்தில கதிரை போட்டு இருந்தனீங்கள். அன்ரியின்ர வடையும் சாப்பிட்டனீங்கள். வடை தோன்றினதோ?"

"நாளைக்கு ஏதும் பிழைச்சா என்ர கையெழுத்தெல்லே நிக்கும்."

"பிழைச்சா என்னட்ட வாங்கோ. இப்ப நடந்ததை எழுதுங்கோ. இல்லாட்டி வாங்கோ, திரும்ப ஸ்டார்ட் பண்ணுறன். உங்களுக்குத் தோன்றுறது நிக்கும்வரைக்கும் ஓடட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து 'தோன்றுகிறது' என்பதை வெட்டி, 'ஓடியது' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைத்தார். பிறகு பேனாவை மூடாமல், "மணம் உண்டு எண்டும் எழுதத்தான் வேணும். அதை நான் மறைக்க மாட்டன்" என்றார்.

"எழுதுங்கோ" என்றாள் மலர். "மணக்கிறது உண்மை. அதைக் குறைக்கிறது என்ர அடுத்த வேலை."

அடியில் ஒரு வரி கையால் சேர்த்தார். முழுக் கையெழுத்தும் வைத்தார். போகும்போது வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்கவில்லை. "எடி பிள்ளை, அடுத்த முறை நானும் அந்தத் திருகைத் திருப்பிப் பாக்க வேணும்" என்றார்.

திங்கள் காலை எட்டு மணிக்கே பரிசோதகர் கொட்டாஞ்சேனை வளவு வாசலில் நின்றார். ஒல்லியான மனிதர், காலில் நன்றாக மினுக்கிய சப்பாத்து. பின்னால் ஒரு டிராக்டரும் மூன்று தொழிலாளர்களும், குவியலை அள்ளத் தயாராக. டிராக்டரில் ஏற்கெனவே பாதிக்கு டயர். வரும் வழியில் ஒழுங்கைகளில் பொறுக்கியது. சிங்களத்தில் பேசினார்கள். அந்தோனி என் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பரிசோதகர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். வெட்டித் திருத்தியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது ஏன் வெட்டப்பட்டிருக்கிறது?"

"உண்மை அதைவிடப் பெரிது என்பதால்."

"மணம் உண்டு என்று எழுதியிருக்கிறதே?"

"அதுவும் உண்மைதான். இங்கே நின்றாலே உங்களுக்குத் தெரியும்."

அவர் மூக்கைச் சுருக்கினார். கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். குவியலைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், திரும்பித் தன் டிராக்டரைப் பார்த்தார். அதில் ஏற்றிய டயர்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவரிடமும் திட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தொழிலாளர் மூவரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி. வளவு இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அப்படியென்றால் இவற்றையும் இங்கேயே இறக்குகிறேன். எடுத்துக்கொள்வீர்களா?"

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அந்தோனியும் எதிர்பார்த்தார்போல, கத்தியைக் கீழே வைத்தார்.

மலர் தகரக் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தாள். "எடுப்பேன். ஆனால் தண்ணீரோடு ஒரு டயரும் உள்ளே வராது. ஒவ்வொன்றாக இங்கேயே ஊற்றிவிட்டு இறக்கச் சொல்லுங்கள்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

தொழிலாளர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார்.  பரிசோதகர் கோப்பை டிராக்டரின் இருக்கையில் வைத்து, சட்டைக் கையை மடித்து, மேலே கிடந்த பஸ் டயரைத் தானே இழுத்துச் சரித்தார். கறுத்த தண்ணீர் கொட்டி, மினுக்கிய சப்பாத்து இரண்டையும் நனைத்து, ஒழுங்கை நடுவே ஓடியது. வெயில் பட்ட இடத்தில் அதற்குள் நெளிந்த நுளம்புப் புழுக்கள் துடித்து ஓய்ந்தன.

மலர் குனிந்து விளிம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கிறது" என்றாள். "சரியுங்கள்."